மெய்யழகனுக்கு எத்தனை மார்க்?

எங்கள் வீட்டில் ஒரு படம் பார்த்து முடித்தால் "நல்லாருந்துச்சு", "சுமார்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. நூற்றுக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். குறைத்த மார்க் எங்கே போனது என்றும் சொல்ல வேண்டும். மாமா, அதாவது என் மாமனார், ஏற்படுத்தி வைத்த பழக்கம் இது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையெல்லாம் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற மாசி மாதத்தில்தான் எல்லாருக்கும் ராத்திரி உட்கார்ந்து முழுப்படம் பார்க்க நேரமும் மனசும் இருக்கும். கும்பகோணத்திலிருந்து கொழுந்தனார் குடும்பம் வரும். திருச்சியில் கல்லூரியில் படிக்கிற நாத்தனார் மகளும் வந்துவிடுவாள். கூடம் பூராவும் பாய்தான்.

இந்த மாசியில் என்ன பார்ப்பது என்று நாத்தனார் மகள்தான் முடிவு செய்தாள். "அத்தை, இந்தத் தடவை வேற ஊர்ப் படமே வேணாம். காவேரித் தண்ணி பாயிற ஊர்க் கதை மட்டும் பாப்போம்" என்றாள். நல்ல யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். முதல் படம் "மெய்யழகன்".

பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பர் 27 அன்று வெளிவந்த படம். தஞ்சாவூரில் பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களின் சொத்துத் தகராறில் இழந்து 1996இல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போகிறது ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையன் அருள்மொழி 22 வருஷம் கழித்து, தங்கை முறையாகிற பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலத்துக்கு வருகிறான். அரவிந்த்சாமி. கல்யாண மண்டபத்தில் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தி யார் என்று அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. பேர் தெரியாத ஒரு உறவுக்காரனோடு ஒரு ராத்திரி. கதை அவ்வளவுதான்.

மார்க் வந்தது இப்படி. என் வீட்டுக்காரர் 54. கொழுந்தனார் 41. நான் 58. நாத்தனார் மகள் அவள் பழக்கப்படி ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். மாமா யோசித்து யோசித்து 56 என்றார். அத்தை, அதாவது என் மாமியார், மார்க்கே சொல்லவில்லை. "இதுக்கெல்லாமா மார்க்கு போடுவாங்க?" என்று கேட்டார். அப்புறம் தன் பெரியண்ணன் வீடு பாகம் பிரிந்த கதையை ஆரம்பித்தார். நடுக்கூடத்தில் சுவர் எழுப்பியதையும், முற்றத்துத் துளசிமாடம் எந்தப் பக்கம் சேரும் என்று பஞ்சாயத்து நடந்ததையும், அந்த அண்ணன் அதற்குப் பிறகு ஊர்ப் பக்கமே வராமல் திருப்பூரிலேயே இறந்துபோனதையும் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரும் கேட்டதில்லையாம்.

கொழுந்தனாரின் 41க்கு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "அண்ணி, அந்த ஆளு அன்பா இருக்கான், ஒத்துக்கறேன். ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறான். சோழன் வரலாறு, போர், மாடு, மண்ணு... பாதிக்கு மேல நமக்குப் பாடம் எடுக்கிறான்" என்றார். பிற்பாதியில் அந்தக் குறை உண்டு. ஒரு மனிதன் தன் ஊரைப் பற்றி நேசத்தோடு பேசுவதற்கும், இயக்குநர் தான் படித்ததையெல்லாம் அவன் வாயில் கொடுத்துப் பேசவைப்பதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. படம் சில இடங்களில் அதைத் தாண்டிவிடுகிறது. நான் குறைத்த மார்க்கில் பாதி அங்கேதான் போனது.

ஆனால் அந்த சைக்கிள். அருள்மொழி விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் இன்னொரு வீட்டில் என்னவாக ஆனது என்று தெரியவருகிற இடம். கல்யாண மேடையில் அண்ணன் கொண்டுவந்த பரிசை அந்தப் பெண் அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்கிற இடம். அங்கெல்லாம் பிரேம்குமார் அவசரப்படவே இல்லை. கோவிந்த் வசந்தாவின் இசையும் ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. பரபரப்பாகத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகிற படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு அது மெதுவாகத்தான் தெரியும். தாலி கட்டி முடிந்து பந்தி ஓடி, மொய் எழுதி, பேச வேண்டியவர்களோடெல்லாம் பேசி முடித்துப் புறப்பட எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

இந்தப் படத்துக்குத் தியேட்டரில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். வெளியானபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முதல் காட்சி முடிந்து வந்தவர்களும் விமர்சகர்களும் "நல்ல படம், ஆனா நீளம்" என்றார்கள். சில நாட்களிலேயே படக்குழு சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்த்தவர்கள் சொன்ன கருத்துக்காக ஒரு படம் உருமாறியது. வெட்டச் சொல்லி யாரும் மிரட்டவில்லை, அவர்களாகவே செய்தார்கள் என்பது சரி. ஆனால் அவர்களை வெட்டவைத்தது முதல் மூன்று நாளில் வந்த மார்க்குகள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீளம் என்று சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. சின்ன ஊர்த் தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடினால் கிராமத்துக்குப் பஸ் கிடையாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனின் கதையைக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். டிக்கெட் காசும் சும்மா வருவதில்லை. அதனால் நீளம் ஒரு குறை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. என் வருத்தம் வேறு. "எந்தக் காட்சி உன்னைக் களைப்பாக்கியது, எது உன்னை விடவில்லை" என்று யாரும் கேட்காமல், கேட்க நேரமும் கொடுக்காமல், எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு கத்தரியை எடுப்பதில்தான்.

இங்கே மாமாவின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஆனந்த விகடனிலிருந்துதான். விகடன் தன் சினிமா விமர்சனத்தின் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மாமா பத்திரிகை வந்ததும் விமர்சனப் பக்கத்தை எடுத்து, கடைசியில் இருக்கிற மார்க்கைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் படிப்பாராம். படித்து முடித்து, "இத்தனை போட்டிருப்பான்" என்று ஒரு எண் சொல்லிவிட்டு விரலை எடுப்பார். சொன்னதற்கும் போட்டதற்கும் இரண்டு மூன்று மார்க்குக்குள் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சந்தோஷம். விமர்சனத்தில் எழுதியிருப்பதை வைத்தே மார்க்கைக் கணிக்க முடிந்திருக்கிறது. எழுத்தும் எண்ணும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியிருக்கின்றன.

அந்த மார்க் அளவே வேறு மாதிரி. பாரதிராஜாவின் "16 வயதினிலே" 1977இல் வாங்கியது 62.5. விகடன் கொடுத்ததிலேயே அதிகம் என்று இன்றும் சொல்லப்படுகிற மார்க் அது. மகேந்திரனின் "முள்ளும் மலரும்" 61. மணிரத்னத்தின் "நாயகன்" 60. தமிழ் சினிமாவின் சிகரங்கள் என்று நாம் சொல்கிற படங்களே அறுபதை ஒட்டித்தான் நிற்கின்றன. 42, 43 வாங்கினாலே தைரியமாகத் தியேட்டருக்குப் போகலாம் என்று அர்த்தம். இதைப் படித்து வளர்ந்த மாமாவுக்கு யாராவது ஒரு படத்துக்கு 90 என்றால் ஒன்றும் புரியாது. "அப்ப இதுக்கு மேல நல்ல படம் எடுக்கவே முடியாதா?" என்று உண்மையாகவே கேட்பார். மேலே இடம் விட்டு வைப்பது, இன்னும் நல்லது வரும் என்ற நம்பிக்கைதானே?

இதில் எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 1928இல் விகடனை வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசன் பிறந்தது திருத்துறைப்பூண்டியில். இங்கிருந்து பஸ் ஏறினால் அதிக தூரமில்லை. அதே விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் பாட்டையும் ஆட்டத்தையும் விமர்சனம் செய்து, கச்சேரி கேட்டுவிட்டு வாய் திறந்து கருத்துச் சொல்லலாம் என்று சாதாரண வாசகனுக்குத் துணிச்சல் கொடுத்த கல்கி, மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். அவர் எழுதிய "தியாக பூமி" 1939இல் படமானபோது விகடனில் தொடராகவும் வந்தது. படத்தின் புகைப்படங்களோடு வந்தது. அதை இயக்கிய கே. சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர். பார்த்ததைப் பற்றி, கேட்டதைப் பற்றி நாலு பேர் முன்னால் தீர்ப்புச் சொல்கிற இந்தக் கலையில் காவிரிக் கரைக்குப் பழைய பங்கு இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. விடைத்தாள் திருத்துவது என் தொழில். ஒரு பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் வெறும் 6 என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த தேர்விலும் 6தான் வாங்கும். எந்த வரியில் சறுக்கினாய், எந்த வரி அழகாக வந்திருக்கிறது என்று ஓரத்தில் எழுதினால்தான் அந்த 6க்கு உயிர் வரும். படத்துக்கும் அப்படியே. ஓரக்குறிப்பு இல்லாத மார்க்கை நான் மார்க்காகவே மதிப்பதில்லை.

இன்றைக்கு வருகிற எண்கள் பலவற்றுக்கும் ஓரக்குறிப்பு இல்லை. அதைவிட, அந்த எண் எப்படி வருகிறது என்பதே பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. ராட்டன் டொமேட்டோஸில் 90 சதவீதம் என்று பார்த்துவிட்டு "நூத்துக்குத் தொண்ணூறாம்" என்கிறார்கள். அது மார்க் இல்லை. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் "பரவாயில்லை" என்ற பக்கம் நின்றார்கள் என்று மட்டும்தான் பொருள். தொண்ணூறு பேரும் "பார்க்கலாம், பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தாலும் அதே 90தான் வரும். ஐஎம்டிபியில் பத்துக்கு இத்தனை என்பது எல்லா ஓட்டுகளையும் கூட்டி வகுத்த நேர் சராசரி இல்லை, எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள். "ஜெய் பீம்" 2021 நவம்பரில் வந்த சில நாட்களிலேயே அங்கே 9.6ஐத் தொட்டு, பல வருஷமாக உச்சியில் இருந்த "தி ஷாஷாங் ரிடம்ப்ஷன்" படத்தை முந்தியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். எனக்கு அந்தப் படம் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த 9.6இல் படத்தின் மார்க் எவ்வளவு, அதில் வருகிற ராஜாக்கண்ணு குடும்பத்துக்கு நடந்த அநீதிக்கு மக்கள் கொடுத்த பதில் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டியதும் இல்லையோ என்னவோ.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், 1970களின் கடைசியிலிருந்து, முதல் நாள் இரவு தியேட்டர் வாசலில் வெளியே வருகிறவர்களிடம் அட்டையைக் கொடுத்துப் பள்ளிக்கூட கிரேடு போடச் சொல்கிறது. நம் ஊரில் மைக்கோடு நிற்கும் யூடியூப் தம்பிகள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், கணக்கு மட்டும் கிடையாது. "இந்தியன் 2", "வேட்டையன்", "கங்குவா" என்று 2024இல் பெரிய படங்கள் முதல் நாள் கருத்துகளால் அடிபட்டன என்று சொல்லி, தியேட்டர் வளாகத்தில் இப்படிப் பேட்டி எடுக்க விடக்கூடாது என்று நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கேட்டுக்கொண்டது. படம் வந்த முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே கூடாது என்று நீதிமன்றத்துக்கும் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் அந்த இடைக்காலத் தடையைக் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரி. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது சட்டத்தை இல்லை, நிதானத்தை.

சரி, எங்கள் மாசிக்கு வருகிறேன்.

மறுநாள் "களவாணி". சற்குணம் ஒரத்தநாட்டுக்காரர், 2010இல் வந்த முதல் படம். என் வீட்டுக்காரர் ஒரே அடியாக 57 போட்டார். வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் அப்பா, ஆவணி பிறந்தால் பையன் திருந்திவிடுவான் என்ற சோசியத்தை நம்பிக் காத்திருக்கும் அம்மா, திருந்தவே மாட்டாத பையன், இரண்டு ஊருக்கு நடுவே பழைய பகை. இதில் எதுவும் எங்களுக்குக் கதை இல்லை, தெருவில் நடப்பது. சரண்யாவின் முகத்தில் வருகிற அந்த நம்பிக்கையை எங்கள் தெருவில் எத்தனையோ வாசற்படிகளில் பார்த்திருக்கிறேன். வயலும் வரப்பும் பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற பச்சையாக இல்லாமல் ஆட்கள் புழங்குகிற இடமாக இருந்தது என்று மாமா பாராட்டினார். மார்க் குறைந்தது எனக்கு ஒரு இடத்தில். போகிற வருகிற பெண்களையெல்லாம் வழிமறித்து, "கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லு" என்று அந்தப் பையன் நச்சரிப்பதைப் படம் செல்லமாகப் பார்க்கிறது. பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற நான் அதைச் செல்லமாகப் பார்க்க முடியாது. 48 போட்டேன். நாத்தனார் மகள் என் பக்கம். கொழுந்தனாரும் என் வீட்டுக்காரரும் எதிர்ப் பக்கம். அந்த வாக்குவாதம் மறுநாள் காலை மூணாறு தலைப்பு வரை வந்தது.

மூணாறு தலைப்பு தெரியாதவர்களுக்கு: வெண்ணாறு நீடாமங்கலத்தில்தான் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிற மேட்டூரை ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள். அதனால் மாசியில் வெறும் மணல்தான். மதகுப் பாலத்தில் நின்றுகொண்டு ஒரு படத்துக்காக அவ்வளவு சத்தமாகப் பேசியதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஏதோ வாய்க்கால் தகராறு என்று நினைத்து விலக்க வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் படமா? நல்ல படமாச்சே" என்று சொல்லிவிட்டு அவரும் நின்றுவிட்டார். பெண்களை மறிக்கிற விஷயத்தில் அவர் என் கட்சி.

"96" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்தது. பிரேம்குமாரின் முதல் படம், 2018. ராமும் ஜானுவும் படித்த பள்ளிக்கூடம் தஞ்சாவூர்தான். ஒரு விஷயம் மட்டும்: இரண்டு படத்திலும் 1996 முக்கியமான வருஷம். முதல் படத்தில் பள்ளிக்கூடத்தையும், இரண்டாவதில் வீட்டையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டிலும் போனவன் சென்னையில் இருக்கிறான். டெல்டாவிலிருந்து படித்த பிள்ளைகள் கிளம்பிப் போனதைத் தமிழ் சினிமாவில் இவ்வளவு பரிவோடு வேறு யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. 55 போட்டேன். நாத்தனார் மகள் ஐந்துக்கு ஐந்து.

"பொன்னியின் செல்வன்" இரண்டு பாகத்துக்கும் சேர்த்து வீடே பிரிந்தது. 2022 செப்டம்பரில் முதல் பாகமும் 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வந்தன. மாமா கல்கியைப் படித்தவர், 44க்கு மேல் ஏற மாட்டேன் என்றார். ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் எடுத்த கோட்டைகள் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அவருக்கு அது சோழநாடாகத் தெரியவில்லை. "கல்லு தெரியுது, வண்டல் தெரியல" என்றார். பெரிய கோயிலைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏக்கம் இருக்கும். படம் புத்தகத்தைச் சுருக்கிய விதத்தை நான் ரசித்தேன். குந்தவையும் நந்தினியும் எதிர் எதிரே நிற்கிற இடம் ஒன்றுக்காகவே 52 கொடுக்கலாம்.

"மோக முள்" 1995. ஞான ராஜசேகரன். அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருது வாங்கிய படம். தி. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பெயருக்கே ஐந்து மார்க் உண்டு. நெடுமுடி வேணு ரங்கண்ணாவாக உட்காருகிற இடங்கள் எல்லாம் ஒசத்தி. ஆனால் நாவலில் வருகிற கும்பகோணத்து வெயிலும் சந்தும் காவிரிக் குளியலும் படத்தில் பாதிதான் வந்திருக்கிறது. 50.

இனி மாமாவின் படம். "தில்லானா மோகனாம்பாள்", 1968 ஜூலை. ஏ.பி. நாகராஜன். விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்தான் கதை. சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள்: பேரிலேயே ஊர் இருக்கிறது. இந்தப் படத்துக்கு மட்டும் மாமா 65 போட்டார். விகடனின் 62.5ஐத் தாண்டிப் போடுகிற ஒரே படம் இதுதான், வருஷா வருஷம் அதே 65. காரணம் கேட்டால் விரலைக் காட்டுவார். நாயனத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் விரல் அந்த வாசிப்போடு எங்கேயும் பிசகாது, கன்னம் உப்புவதும் மூச்சு வாங்குவதும் பிசகாது என்பார். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாயனம் கேட்டு வளர்ந்தவர் சொல்கிறார், நான் மறுக்க மாட்டேன். டி.எஸ். பாலையா தவிலோடு உட்கார்ந்து முகத்திலேயே கணக்கு வைக்கிற இடத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் தொடையில் தாளம் போடுகிறார். நாகேஷின் வைத்தி மாதிரி ஆட்கள் பெரிய மனிதர்களின் வீட்டுத் திண்ணையை விட்டு இன்னும் போகவில்லை என்றும் சொல்வார். என் மார்க் 61.

பட்டியலின் கடைசிப் படத்தை நான்தான் சேர்த்தேன். ஸ்ரீதர் ராஜன் இயக்கிய "கண் சிவந்தால் மண் சிவக்கும்", 1983. இந்திரா பார்த்தசாரதியின் "குருதிப்புனல்" நாவலிலிருந்து எடுத்தது. இதுவும் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கியது. கீழ்வெண்மணிதான் அதன் வேர். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்த்திக் கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த உழைப்பாளிகளின் சேரியில், ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்கள் தீயில் மாண்டார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம் அது. மோகனாம்பாள் திரையில் ஆடி அரை வருஷம்கூட ஆகவில்லை. அதே மாவட்டம், அதே வருஷம். நாயனத்துக்கும் சதிருக்கும் மானியம் விட்ட அதே நிலத்தில்தான் கூலி கேட்டவர்களின் குடிசை எரிந்தது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்த ராத்திரியில் பார்த்தபோது இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

படம் முடிந்ததும் மார்க் கேட்க மாமாவே வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் பாரதி கிருஷ்ணகுமாரின் "ராமய்யாவின் குடிசை" ஆவணப் படத்தையும் பார்த்தோம். அதில் பிழைத்தவர்களும் பார்த்தவர்களும் நேரடியாகப் பேசுகிறார்கள். அதற்கு எண் போடுவது தப்பு என்று அத்தை சொன்னார், எல்லாரும் ஒத்துக்கொண்டோம். "கண் சிவந்தால்" கற்பனைப் படம் என்பதால் அதற்குப் போடலாம் என்று நாத்தனார் மகள் வாதாடினாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: மார்க் போடாமல் ஒதுக்கி வைத்துப் போற்றினால், அந்தப் படத்தை யாரும் பார்க்கவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். பார்த்துவிட்டு, குறையையும் சொல்லிவிட்டு, அதோடு வாழ வேண்டும். அவள் மூன்றரை நட்சத்திரம் போட்டாள். நான் 53. நாடகத்தனமான காட்சிகள் உண்டு, பின்னால் வந்த படங்கள் இதைவிடக் கூர்மையாகச் சொல்லின. ஆனாலும் அந்த வருஷத்தில் அதைத் தொட்டதற்கே ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

எல்லாரும் அவரவர் ஊருக்குப் போன பிறகு கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, மெய்யழகனுக்கு நான் போட்ட 41ஐ 48 ஆக்கிடுங்க." ஏன் என்றேன். வண்டியில் போகும்போதெல்லாம் அந்த சைக்கிள் ஞாபகம் வருகிறதாம். "பேச்சு நீளம்தான், அதுல மாத்தமில்ல. ஆனா அந்த சைக்கிளுக்கு அன்னைக்கு நான் மார்க்கே போடல" என்றார். ஏழு மார்க் ஒரு வாரம் கழித்து வந்திருக்கிறது. அவர் தியேட்டரில் பார்த்து அன்றைக்கே ஒரு மைக்கில் 41 என்று சொல்லியிருந்தால் அதுதான் நின்றிருக்கும். இந்த ஏழு யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் வீட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கிறோம், மாமாவின் சம்மதத்தோடு. படம் பார்த்த அன்றைக்குச் சொல்கிற மார்க் பென்சிலில். ஒரு வாரம் கழித்துச் சொல்வதுதான் மையில். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எந்தக் காட்சி மாற்றியது என்று சொல்ல வேண்டும்.

உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். நம் பக்கத்துக் கதை ஒன்று அடுத்துத் திரைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எண்ணை மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை வரை கையில் வைத்திருங்கள். கொடுக்கும்போது எந்தக் காட்சிக்குக் கொடுத்தீர்கள், எந்தக் காட்சிக்குக் குறைத்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். "மெய்யழகன்" பார்த்தவர்கள் இப்போதே எனக்குச் சொல்லலாம், ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது.